ஃப்ரீடாஸா, டாஸ்பாக்ஸா?

1997-இல் வந்த நெஸ்டிக்கிள், இசட்ஸ்னெஸ் மாதிரியான டாஸ் எமுலேட்டர்களை, அதாவது பழைய நிண்டெண்டோ விளையாட்டுகளை டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் ஆட வைக்கும் மென்பொருள்களை, இன்றைய கணினியில் ஓட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பென்டிரைவில் ஃப்ரீடாஸ் என்ற இலவச டாஸ் இயங்குதளத்தைப் போட்டு நேரடியாக பூட் செய்வது. இன்னொன்று, விண்டோஸுக்குள்ளேயே ஒரு டாஸ் கணினியைப் போலச் செய்யும் டாஸ்பாக்ஸ் மென்பொருள்.

வேகத்தில் ஃப்ரீடாஸை அடித்துக்கொள்ள முடியாது. இடையில் எதுவும் இல்லாமல் புராசஸரே நேரடியாக வேலை செய்கிறது. ஆனால் கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸில் சிஎஸ்எம், அதாவது பழைய முறையில் பூட் செய்ய விடும் வசதி, இருக்க வேண்டும். பழைய பயாஸின் இடத்தில் வந்த யூஇஎஃப்ஐ மட்டுமே உள்ள புது லேப்டாப்களில் அது பூட் ஆகாது. அப்புறம் ஒலி. இந்த எமுலேட்டர்கள் தேடுவது சவுண்ட் பிளாஸ்டர் என்ற பழைய ஒலி அட்டையை. இன்றைய மதர்போர்டில் இருப்பது எச்டி ஆடியோ என்ற வேறு வகை. படம் ஓடும், சத்தம் வராது. எஸ்பிஇஎம்யூ என்ற டிரைவர் சில சிப்களில் இதைச் சரிசெய்கிறது, எல்லாவற்றிலும் அல்ல.

டாஸ்பாக்ஸ் சவுண்ட் பிளாஸ்டர் 16-ஐ மென்பொருளாகவே உருவாக்கித் தருகிறது. அந்த அட்டையின் அமைப்பு எண்கள்: முகவரி 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1. எமுலேட்டருக்குள் எமுலேட்டர் என்பதால் இசட்ஸ்னெஸ் திணறலாம். டாஸ்பாக்ஸின் கான்ஃபிக் கோப்பில், வேகத்தைத் தீர்மானிக்கும் சைக்கிள்ஸ் அளவை மேக்ஸ் என்று மாற்றிப் பாருங்கள்.

என் ஓட்டு டாஸ்பாக்ஸுக்குத்தான். அந்த இசை இல்லாமல் மரியோ ஆட எனக்கு மனம் வராது. சிஎஸ்எம் உள்ள கொஞ்சம் பழைய டெஸ்க்டாப் சும்மா கிடந்தால் மட்டும் ஃப்ரீடாஸ் பக்கம் போங்கள்.