ஆறு ஸ்பீக்கரிலும் ஒரே பாட்டு: குன்னூரில் நான் ஏமாந்தது

படுகு மொழிப் பக்திப் பாடல் ஒன்றை 5.1 சரவுண்ட் ஒலியில் (முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, அடியொலிக்கு ஒரு சப்வூஃபர் என ஆறு ஸ்பீக்கர்) கலந்து தருவதாகச் சொன்ன குன்னூர் ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றில் 20,000 ரூபாய் முன்பணத்தைத் தொலைத்திருக்கிறேன். மலையில் சொந்தச் செலவில் பாட்டு தயாரிக்கும் வேறு யாரும் அந்தப் படி ஏற வேண்டாம் என்றே இதை எழுதுகிறேன்.

பேசிய தொகை 45,000. ஹெத்தையம்மன் பண்டிகைக்கு முன் கைக்கு வர வேண்டும் என்றேன். குரல், புல்லாங்குழல், பறை, கோரஸ் என்று தனித்தனியாகப் பதிந்த 34 டிராக்குகள். வெளியீட்டுக்கு முன் கசிந்துவிடக் கூடாதே என்று அவற்றை ஜிப் கோப்பாக்கி, பாஸ்வேர்டு போட்டு, ஹார்டு டிஸ்கில் வைத்தேன். "திறக்கும்போது அழையுங்கள் அண்ணா, சொல்கிறேன்" என்று கொடுத்துவிட்டுக் கோத்தகிரி பஸ் ஏறினேன். மாதிரிக்காக நானே கலந்த ஸ்டீரியோ கோப்பும் அதே டிஸ்கில், பூட்டில்லாமல் கிடந்தது.

மூன்று வாரம் கழித்து, பாட்டு தயார், வந்து கேளுங்கள் என்று கூடத்துக்காரர் கூப்பிட்டார். நடு நாற்காலியில் உட்காரவைத்து ஒலியைத் தாராளமாகக் கூட்டினார். பாட்டு நாலாபுறமும் மொய்த்தது, எனக்குப் புல்லரித்தது. உரக்க வைத்தால் எதுவும் நன்றாகத்தான் இருக்கும் என்று தெரியாதவனா நான்? அந்த அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்திருந்தாலே போதும். பின்பக்க ஸ்பீக்கர்கள் கேட்பவரின் காதுக்குச் சற்றே பின்னால், நேர் முன்னிலிருந்து 100 முதல் 120 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அங்கே இரண்டும் கூரை மூலையில் தொங்கின. ஒன்றை ஜன்னல் திரை பாதி மூடியிருந்தது. நடு ஸ்பீக்கர் மேசைக்கடியில், தரையில். பாடகி என் முழங்காலைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார். கணினித் திரையில் ஆறே பட்டைகள், அதில் ஐந்து ஒரே அச்சில் வார்த்தவை போல. கேட்டதற்கு, "எல்லாம் கலந்து முடித்தாயிற்று தம்பி" என்றார்.

அவர் தந்த கோப்புகளை வீட்டில் உட்கார்ந்து பிரித்தேன். பின் இடது கோப்பை எடுத்து, அவர் தாமதித்துத் தணித்திருந்ததை ஈடுகட்ட 20 மில்லி வினாடி முன்னே இழுத்து, அளவை 6 டெசிபல் ஏற்றி, என் ஸ்டீரியோவின் இடது பக்கத்தோடு பொருத்தி, ஒன்றின் ஒலியலையை மட்டும் மேடு பள்ளமாகும்படி தலைகீழாகத் திருப்பினேன். இரண்டும் ஒரே ஒலியென்றால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். ஓடவிட்டேன். தகரக் கூரையில் பனிநீர் சொட்டுவதைத் தவிர எதுவும் கேட்கவில்லை. பின் வலதும் அப்படியே. என் ஸ்டீரியோவையே நகலெடுத்துப் பின்னால் போட்டிருக்கிறார். நடு ஸ்பீக்கருக்கு இடத்தையும் வலத்தையும் கூட்டிப் போட்டிருந்தார். சப்வூஃபருக்கு அதையே 120 ஹெர்ட்ஸுக்கு மேல் நறுக்கி.

இதனால் என்ன குடி மூழ்கிவிடும் என்கிறீர்களா? நம் பாட்டைப் பெரும்பாலானவர்கள் கைப்பேசியில்தான் கேட்கிறார்கள். ஆறையும் இரண்டாக மடிக்கும்போது, தாமதித்து வரும் நகல் அசலோடு மோதிச் சில சுருதிகளை அரித்துவிடும். குரல் பானைக்குள்ளிருந்து வருவது போலாகிவிட்டது. இன்னொன்று: அந்தச் சப்வூஃபர் டிராக்கை மடிக்கும்போது வழக்கமாகத் தூக்கி எறிந்துவிடுவார்கள். பறையின் அடியை அதில் மட்டும் வைப்பவரிடம் மாட்டினால் பறையே காணாமல் போகும்.

ஸ்டீரியோ மட்டுமே எஞ்சியிருக்கும் பழைய பதிவுகளை இப்படி விரித்தெடுப்பது தவறில்லை. அதற்கென்றே மென்பொருட்கள் உண்டு. ஆனால் அதைச் சொல்லிச் செய்ய வேண்டும். கலவைக்கான கூலியை அதற்கு வாங்கக் கூடாது.

மீதிப் பணத்தை எடுக்கும் முன் முன்னால் உள்ள மூன்றையும் சப்வூஃபரையும் நிறுத்தச் சொல்லி, பின்னிரண்டை மட்டும் கேளுங்கள். கோரஸோ கைதட்டலோ எதிரொலியோ தனியாக வந்தால் யாரோ உழைத்திருக்கிறார்கள். முழுப் பாட்டும் சன்னமாக வந்தால் செருப்பை மாட்டிக்கொள்ளுங்கள்.

மறுநாள் தொலைபேசியில் அவர் கொஞ்சமும் அசரவில்லை. "34 டிராக்கையும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து கலந்திருக்கிறேன் தம்பி, என் உழைப்பைக் கேவலப்படுத்தாதீர்கள்" என்றார். அப்போதுதான் எனக்கே உறைத்தது.

"ஜிப்பின் பாஸ்வேர்டு என்ன அண்ணா?" என்றேன்.

அழைப்பைத் துண்டித்துவிட்டார். முன்பணம் இன்றுவரை வரவில்லை.