திரையெல்லாம் பச்சை, கடையில் பில் வரவில்லை: நேரடித் தரவோடு நான்கு ஆண்டுகள்

கோயம்புத்தூரில் சிறு கடைகளுக்கான பில் போடும் செயலி ஒன்றைச் செய்து தரும் குழுவில் இருக்கிறேன். மளிகை, மருந்து, பாத்திரம், பேன்சி ஸ்டோர் என்று எங்கள் வாடிக்கையாளர்கள். புதிய பதிப்பை எப்போது விடுவது, முதலில் எத்தனை பேருக்கு விடுவது என்று முடிவு செய்வது 2021 இறுதியிலிருந்து என் பொறுப்பு. அதற்கு முன்பு அந்த முடிவை நாட்காட்டிதான் எடுத்தது. மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை மாலை வெளியீடு, சனிக்கிழமை காலை முழுக்கத் தொலைபேசியில் வசவு.

நாட்காட்டியை நம்புவதை விட்டு எண்களை நம்புவது என்று கிளம்பினோம். புதிய பதிப்பை முதலில் சிலருக்கு மட்டும் விட்டு மெல்ல அளவைக் கூட்ட, கூகுள் பிளே கன்சோலில் உள்ள படிப்படியான வெளியீடு, செயலி முடங்கினால் தகவல் சொல்லும் கிராஷ்லிடிக்ஸ், சர்வர் எண்களைச் சேகரிக்க புரோமிதியஸ், அவற்றை வரைபடமாகப் பார்க்க கிராஃபானா. கடைசி இரண்டும் திறந்த மூல மென்பொருள் என்பதால் செலவு பெரிதில்லை. ஒரு சர்வர் வாடகை, சுவரில் மாட்டிய பழைய டிவி ஒன்று, அவ்வளவுதான்.

அந்த டிவியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாட்டிய முதல் மாதம் யாரும் வேலை செய்யவில்லை. டீ டம்ளரோடு அதன் முன் நின்று கோடு ஏறுவதையும் இறங்குவதையும் கிரிக்கெட் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதல் தவறு அந்த மயக்கத்தில்தான் நடந்தது. ஒரு பதிப்பை நூற்றுக்கு ஒரு கடை என்ற அளவில் விட்டோம். இரண்டு மணி நேரத்தில் முடங்கும் விகிதம் மூன்று சதவீதத்தை நெருங்கியது. பிளே ஸ்டோரின் வரம்பு 1.09 சதவீதம், பயனரின் கண்முன் செயலி முடங்குவது அதைத் தாண்டினால் ஸ்டோரில் அந்தச் செயலி தென்படுவது குறையலாம். பதறிப்போய் இரவு பதினொரு மணிக்கு வெளியீட்டை நிறுத்தினோம். மறுநாள் பார்த்தால், அதுவரை புதிய பதிப்பைத் திறந்தவர்கள் எழுபது பேர். முடங்கியவை இரண்டு கைப்பேசிகள். இரண்டும் ஒரே கடையில், நினைவகம் நிரம்பி மூச்சுத் திணறிக்கொண்டிருந்தவை. போதாக்குறைக்கு, பிளே ஸ்டோர் அந்த 1.09ஐ 28 நாள் சராசரிக்கு வைத்துப் பார்க்கிறது. நாங்கள் அதை இரண்டு மணி நேரக் கணக்கோடு ஒப்பிட்டிருக்கிறோம். சதவீதத்துக்குக் கீழே எத்தனை பேர் என்று எழுதாத வரைபடத்தை இன்றுவரை டிவியில் ஏற்ற விடுவதில்லை.

இரண்டாவது பாடம் நேரம் பற்றியது. கடைக்காரருக்குக் காலை பதினொரு மணி தூசி தட்டும் நேரம். மாலை ஆறிலிருந்து ஒன்பது வரைதான் உண்மையான சோதனை. காலையில் விட்டு, பகல் முழுக்க அமைதியைப் பார்த்து, நான்கு மணிக்கு "நன்றாகப் போகிறது" என்று அளவைக் கூட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினால், ஏழு மணிக்குக் கைப்பேசி அலறும். இப்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு மாலையாவது கடந்தாக வேண்டும். இன்னொரு சங்கதியும் இதோடு சேர்ந்தது: செயலி முடங்கியவுடன் கிராஷ்லிடிக்ஸ் செய்தி வந்துவிடாது. கைப்பேசியில் பதிவாகி, பெரும்பாலும் அடுத்த முறை செயலியைத் திறக்கும்போதுதான் வந்து சேரும். வெறுத்துப்போய் நோட்டுப் புத்தகத்தை எடுத்துவிட்ட கடைக்காரர் திறக்கவே மாட்டார். திரையில் அமைதி தெரிந்தால் அது நிம்மதியா, ஆள் போய்விட்ட வெறுமையா என்று கேட்டுப் பழகினேன்.

இந்தக் கேள்வியை 2022 தீபாவளி எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அந்த ஆண்டு நவம்பர் 1க்குப் பிறகு பிளே ஸ்டோரில் புதுப்பிப்பு போட வேண்டுமானால், செயலி ஆண்ட்ராய்டு 12ஐ இலக்காகக் கொண்டிருக்க வேண்டும், அதாவது அதன் விதிகளுக்கு ஏற்ப இருக்க வேண்டும் என்று விதி. தீபாவளி அக்டோபர் 24. விதியையும் பண்டிகையையும் பார்த்து, அக்டோபர் நடுவிலேயே முடித்துவிடலாம் என்று அவசரப்பட்டோம். ஆண்ட்ராய்டு 12இல், பில் பிரிண்டர் போன்ற புளூடூத் கருவியோடு இணைய, அருகிலுள்ள சாதனங்களுக்கான அனுமதியைப் பயனரிடம் தனியாகக் கேட்க வேண்டும். நிரலில் ஓரிடத்தில் கேட்டிருந்தோம். பில் அச்சிடும் இடத்தில் மறந்துவிட்டோம். அங்கே பிழை வந்தால் சத்தமில்லாமல் விழுங்கிவிடும்படி எவனோ எழுதி வைத்திருந்தான். அந்த எவன் நான்தான் என்பது பிறகு தெரிந்தது.

டிவி முழுக்கப் பச்சை. முடக்கம் சுத்தமாக இல்லை. சர்வருக்கு பில்கள் வந்து குவிந்தன. பத்து சதவீதம், ஐம்பது சதவீதம், நூறு. ஒப்பணக்கார வீதிப் பக்கத்திலிருந்து ஒரு கடைக்காரர் அழைத்தார். "தம்பி, உங்கள் செயலி நன்றாகத்தான் இருக்கிறது. சேமித்தது என்று சொல்கிறது. காகிதம்தான் வரமாட்டேன் என்கிறது. வரிசை வாசல் வரை நிற்கிறது, நான் இவர்களுக்கு எதைக் கொடுப்பது?" பழைய கைப்பேசிக் கடைகளில் ஒரு சிக்கலும் இல்லை. புதிய கைப்பேசி வாங்கியவர்கள் மட்டும் மாட்டிக்கொண்டார்கள். வெளியீட்டை நிறுத்துவதால் ஏற்கெனவே இறங்கிய பதிப்பு திரும்பிப் போகாது. அதைவிடப் பெரிய எண் கொண்ட புதிய பதிப்பை அனுப்பித்தான் சரிசெய்ய வேண்டும். அது கூகுளின் பரிசீலனை முடிந்து கடைகளுக்குப் போய்ச் சேரும்வரை, அமைப்புகளில் போய் அனுமதியைக் கையால் கொடுக்கும் வழியைத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த வாரம் எத்தனை முறை "அமைப்புகளைத் திறங்கள் அண்ணா" என்று சொன்னேன் என்று கணக்கு வைக்கவில்லை.

அதன் பிறகு டிவியில் ஒரு புதிய எண் ஏறியது. சேமித்த பில்களில் எத்தனை அச்சாயின என்பது. பதிப்பு வாரியாக, ஆண்ட்ராய்டு பதிப்பு வாரியாகப் பிரித்துக் காட்டும். நான்கு ஆண்டுகளில் நாங்கள் சேர்த்த எண்களில் இதற்கு இணை வேறில்லை. நினைவகம், சர்வர் சுமை, பதில் நேரம் என்று கிராஃபானாவில் அழகழகாக வரைந்தவற்றில் பாதியை யாரும் பார்ப்பதில்லை. கடையில் காகிதம் வருகிறதா என்பதை எல்லோரும் பார்க்கிறோம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. புதிய வசதியைச் செயலியோடு அனுப்பிவிட்டு, ஃபயர்பேஸ் ரிமோட் கான்ஃபிக் வழியாகத் தொலைவிலிருந்து இயக்குவது, அணைப்பது நல்ல முறை. ஆனால் ஒரு நாள் அவசரமாக அணைத்தபோது பல கடைகளில் அது அணைய மறுநாளாகிவிட்டது. புதிய மதிப்பை எடுக்கும் இடைவெளி, நாம் மாற்றாவிட்டால், 12 மணி நேரம். ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது, நாங்கள் படிக்கவில்லை. 2023இலிருந்து மாற்றங்களை உடனுக்குடன் பெறும் வசதியும் அதில் உண்டு.

இந்த அமைப்பு உண்மையில் சம்பாதித்துக் கொடுத்தது 2025 செப்டம்பரில்தான். 3ஆம் தேதி இரவு ஜிஎஸ்டி கவுன்சில் அறிவித்தது: 12, 28 சதவீத அடுக்குகள் போகின்றன, பெரும்பாலான பொருள்கள் 5க்கும் 18க்கும் மாறுகின்றன, நடைமுறை 22ஆம் தேதி முதல். கையில் பத்தொன்பது நாள். அதற்குள் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் வருகின்றன. கணக்குத் தாக்கலுக்கான அந்த நாள்களை ஒட்டி எதையும் தொடுவதில்லை என்பது எங்கள் வீட்டு விதி.

பார்வைக்கு எளிது. 12ஐ 5 ஆக்கு, 28ஐ 18 ஆக்கு. அப்படிச் செய்திருந்தால் கெட்டிருப்போம். சோப்பு, ஷாம்பு, பற்பசை எல்லாம் 18இலிருந்து 5க்கு வந்தன. பனீர் 5இலிருந்து வரியே இல்லாமல் போனது. கோலா பானங்கள் 40க்குப் போயின. சிகரெட்டும் பான் மசாலாவும் அன்றைக்கு மாறவில்லை. மருந்துகளில் பெரும்பாலானவை 5, சில உயிர்காக்கும் மருந்துகளுக்கு வரி இல்லை. ஒரே மளிகைக் கடையின் ஒரே அலமாரியில் இத்தனையும் இருக்கும்.

வரி அட்டவணையைச் செயலியிலிருந்து பிரித்து, ஒவ்வொரு வரிசையிலும் "எந்தத் தேதி முதல்" என்று ஒரு கட்டம் சேர்த்து, சர்வரிலிருந்து முன்கூட்டியே இறங்கும்படி செய்தோம். நள்ளிரவில் இணையம் இல்லாத கடையும் தானாக மாற வேண்டும் அல்லவா? இதற்குப் புதிய பதிப்பு எல்லோரிடமும் இருக்க வேண்டும். வழக்கமாக நாங்கள் கவலைப்படுவது புதிய பதிப்பு அதிகம் பேருக்குப் போய்விடுமோ என்று. இந்த முறை கவலை நேர்மாறு. 8ஆம் தேதி சிறு அளவில் விட்டோம், 11 கழியும்வரை கை கட்டி உட்கார்ந்தோம், அச்சு விகிதம் அசையவில்லை என்று பார்த்து 15க்குள் முழுதாகத் திறந்தோம். டிவியில் மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஓர் எண்ணை மட்டும் வைத்தோம்: நேற்று பில் போட்ட கடைகளில் புதிய அட்டவணை இல்லாதவை எத்தனை.

முதல் மூன்று நாள் மளமளவென்று இறங்கியது. பிறகு நின்றுவிட்டது. தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்து வைத்தவர்கள், இடமில்லாத கைப்பேசிகள், கல்லாவில் இருக்கும் பையனிடம் கைப்பேசி, கடவுச்சொல் ஊரில் இருக்கும் முதலாளியிடம். இவர்களை வரைபடத்தால் நகர்த்த முடியாது. நேற்று அதிகம் பில் போட்டவர் முதலில் என்று பட்டியலை அடுக்கி, குழுவில் நிரல் எழுதுகிறவர்கள் உட்பட எல்லோரும் தொலைபேசி எடுத்தோம்.

22ஆம் தேதி நள்ளிரவு. வரி விகிதம் வாரியாகப் பில்களைக் காட்டும் வரைபடம். திறந்திருப்பது பெரும்பாலும் மருந்துக் கடைகள்தான். 12 சதவீதக் கோடு சரிந்து தரையைத் தொட்டிருக்க வேண்டும். பழைய பில்லுக்குச் சரக்குத் திரும்புவது தவிர அந்தக் கோட்டுக்கு இனி வேலையே இல்லை. ஆனால் சில நிமிடத்துக்கு ஒருமுறை எறும்பு கடித்ததுபோல ஒரு துளி மேலே எழும்பியது. தோண்டினால் ஒரே கடை. புதிய அட்டவணை இருக்கிறது, புதிய பதிப்பு இருக்கிறது, பில் தேதி மட்டும் 21. அழைத்தோம். கல்லாவில் இருந்தவர் சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: விளையாட்டு ஒன்றில் கூடுதல் வாய்ப்பு கிடைக்கும் என்று மகன் கைப்பேசித் தேதியை முன்னும் பின்னும் மாற்றிக்கொண்டிருப்பானாம். இணையம் இருக்கும்போது சர்வர் நேரத்தோடு சரிபார்க்கும் வேலையை அந்த வாரமே சேர்த்தோம். இந்தக் குறையை எந்தச் சோதனைப் பட்டியலும் எங்களுக்குக் காட்டியிருக்காது. மாத இறுதி அறிக்கையில் தெரிந்திருந்தால், அந்தக் கடையில் எத்தனை பில் தப்பாகப் போயிருக்கும்?

பிடிக்காதவையும் உண்டு. எச்சரிக்கை மணிகளை ஆசை ஆசையாக வைத்தோம். ஒரு கட்டத்தில் இரவில் வரும் செய்திகளை யாரும் திறப்பதில்லை. பாதிக்கு மேல் நீக்கிய பிறகுதான் மீதி மணிகளுக்கு மரியாதை வந்தது. குழுவில் புதிதாகச் சேர்பவர்கள் எண்ணைப் பார்த்துப் பயந்துபோய், ஒரு வாரத்தில் முடிய வேண்டிய வெளியீட்டை மூன்று வாரம் இழுக்கிறார்கள். ஐபோன் பதிப்புக்கு இந்தத் தலைவலி குறைவு: ஆப் ஸ்டோரின் படிப்படியான வெளியீடு 1, 2, 5, 10, 20, 50, 100 என்று ஏழு நாளில் தானாக ஏறும், வேண்டுமானால் நிறுத்தி வைக்கலாம், அளவை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. எங்கள் கடைகளில் ஐபோன் அபூர்வம் என்பதால் அதைப் பற்றிச் சொல்ல அனுபவம் போதாது.

நூறு கடைகூட இல்லாத செயலிக்கு இத்தனை ஏற்பாடு வேண்டியதில்லை. பத்து வாடிக்கையாளரை அழைத்துக் கேட்டாலே போதும், டீச்செலவோடு முடியும். ஆயிரத்தைத் தாண்டினால் தயங்காமல் செய்யலாம். ஆனால் முடக்க விகிதத்தில் தொடங்க வேண்டாம், வாடிக்கையாளர் கையில் கடைசியாக வந்து சேர வேண்டியது எதுவோ அதை எண்ணத் தொடங்குங்கள்.

இதை எழுதும்போது அடுத்த பதிப்பு இருபது சதவீதத்தில் நிற்கிறது. ஒரு குறிப்பிட்ட மாடல் கைப்பேசியில் மட்டும் அச்சு விகிதம் கொஞ்சம் தொங்குகிறது. ஐம்பத்து மூன்று பில்தான், ஒன்றும் சொல்வதற்கில்லை. மாலை ஒன்பது மணிக்கு மறுபடி பார்க்க வேண்டும்.