கோத்தகிரி ஈரத்தில் பழைய சரவுண்ட் செட்டோடு நாலு வருஷம்

மஸ்கட்டில் வேலை பார்த்துத் திரும்பிய பக்கத்து வீட்டு மாமா 1999-இல் அங்கிருந்து கொண்டுவந்த செட் இது. ஜப்பானிய ஏவி ரிசீவர் ஒன்று (டிவி, டெக் எல்லாவற்றின் சத்தத்தையும் வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), முன்னால் நிற்கும் உயரமான ஸ்பீக்கர் இரண்டு, சென்டர் ஒன்று, பின்னால் மாட்டும் சின்னது இரண்டு. பிள்ளைகள் சவுண்ட்பார் வாங்கித் தந்ததும் இது பரணுக்குப் போய்விட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால் பரணைக் காலி செய்தபோது, "எடுத்துட்டுப் போடா, ஆறாயிரம் கொடு. ஓடலைன்னா அதுவும் வேணாம்" என்றார். அன்றிலிருந்து வாரத்தில் ஐந்து நாளாவது எங்கள் வீட்டில் ஓடுகிறது. பழைய செட் வாங்கலாமா என்று விசாரிக்கிறவர்கள் எல்லாரும் சத்தம் எப்படி என்றுதான் கேட்கிறார்கள். மலையில் இருப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது ஈரத்தைப் பற்றி.

எங்கள் வீடு கோத்தகிரியிலிருந்து கட்டபெட்டு போகும் வழியில். நீலகிரியின் இந்தப் பக்கத்துக்குத் தென்மேற்கைவிட வடகிழக்குப் பருவமழைதான் கொட்டும். ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்காக வெயிலே பார்க்காமல் இருந்திருக்கிறோம். ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து உட்காரும். செருப்பிலும் தோல் பெல்ட்டிலும் பூஞ்சணம் பிடிக்கிற ஊரில் ஸ்பீக்கர் பேப்பரை மட்டும் அது விட்டுவைக்குமா?

முதல் நாள் பிளக்கைச் செருகுவதற்கு முன் ரிசீவரின் பின்பக்கத்தைப் பார்த்தேன். வெளிநாட்டுச் செட் எதை வாங்கினாலும் முதல் வேலை அதுதான். ஜப்பானுக்காகச் செய்தது 100 வோல்ட், அமெரிக்காவுக்கானது 120. நம் 230-இல் நேராகச் செருகினால் அன்றோடு கதை முடிந்தது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும். வளைகுடாவில் விற்றது என்பதால் இதில் வோல்டேஜ் மாற்றும் சின்னத் திருகு இருந்தது, அது 240-இல் நின்றது. சதுரப் பின் பிளக்கை வெட்டிவிட்டு நம் ஊர்ப் பிளக் மாட்டியதோடு சரி.

ஆன் செய்ததும் டிஸ்பிளே எரிந்தது. மூன்று விநாடி கழித்து உள்ளே 'டக்' என்று ரிலே, அதாவது ஸ்பீக்கர்களுக்கு இணைப்புக் கொடுக்கும் தானியங்கி ஸ்விட்ச், விழுந்தது. அந்த டக் கேட்டால் பாதி நிம்மதி. அவுட்புட்டில் பெரிய கோளாறு இருந்தால் பாதுகாப்பு சர்க்யூட் ரிலேயை விழவே விடாது. ஆனால் இடது பக்கம் ஊமை. வால்யூமை நன்றாக ஏற்றினால் திடீரென்று சத்தம் வரும், குறைத்தால் போய்விடும். கோவையில் இருக்கும் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தவர், "பார்ட்ஸ் எதுவும் போகலைங்க தம்பி. ரிலே பாயின்ட்டு கருத்திருக்கு, டெர்மினல்ல களிம்பு. மலையில இருந்து வர்ற செட்டெல்லாம் இப்படித்தானுங்க" என்றார். ரிலேயை மாற்றி, வால்யூமுக்கும் ஸ்விட்சுகளுக்கும் கான்டாக்ட் கிளீனர் அடித்து, காய்ந்துபோன சின்னக் கெப்பாசிட்டர் நாலைந்தை மாற்றினார். 1,400 ரூபாய். அந்த ரிசீவர் இன்றுவரை அவரிடம் திரும்பிப் போகவில்லை.

ஸ்பீக்கர்தான் பாடாய்ப் படுத்தியது. முன் ஸ்பீக்கரின் எட்டு இஞ்ச் கோனை, அதாவது அதிர்ந்து சத்தம் தரும் கூம்பைச், சுற்றியிருந்த ஃபோம் வளையம், விரல் பட்டதும் பழைய கேக் போல உதிர்ந்தது. ஃபோமுக்கு ஆயுளே பத்து, இருபது வருஷம்தான். ஈரத்தில் அதுவும் குறையும். நல்லவேளை, வாய்ஸ் காயில் (கோனோடு சேர்ந்து அசையும் கம்பிச் சுருள்) அடிபடவில்லை. கோனை இரண்டு பக்கமும் விரலால் சமமாக அழுத்திப் பார்க்க வேண்டும், உள்ளே கரகரவென்று உரசினால் அந்தச் சுருளில் கோளாறு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து வளையம் வரவழைத்தேன். ஃபோம் வேண்டாம், ரப்பர் கொடுங்கள் என்று கேட்டு வாங்கியது நல்லதாகப் போயிற்று. ரப்பர் கொஞ்சம் விறைப்பு, பேஸ் சற்று மாறும். ஆனால் இந்த ஊரில் உதிராமல் நிற்கும்.

ஒட்டிய பசை ஒரு நாளில் காயும் என்று டியூபில் போட்டிருந்தது. ஐப்பசியில் அது மூன்று நாள் பிசுபிசுவென்றே இருந்தது. காய்ந்த பிறகு ஒரு பென்சில் செல்லை ஸ்பீக்கர் ஒயரில் லேசாகத் தொட்டுப் பார்த்தேன். பிளஸ்ஸோடு பிளஸ் சேர்ந்தால் கோன் முன்னால் துள்ளும், மாறியிருந்தால் உள்ளே போகும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே பக்கம் துள்ளுகிறதா என்று பார்ப்பது முக்கியம். ஒன்று மாறியிருந்தால் பேஸ் காணாமல் போய், பாடகர் நடுவில் நிற்காமல் அறை முழுக்கக் கலைந்துவிடுவார். ஒன்றரை வோல்ட்டில் அந்தக் கோன் முதல்முறை துள்ளியதைப் பார்த்தபோது எனக்கு இருந்த சந்தோஷம், பின்னால் எந்தப் பாட்டைக் கேட்டும் வரவில்லை.

ஈரத்துக்கு நான் செய்வது இரண்டே வேலை. ஒன்று, மழைக்காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாளாவது ஒரு மணி நேரம் செட்டை ஓட்டுவது. உள்ளே இருக்கும் சூடே சர்க்யூட்டை உலர்த்திவிடும். இரண்டாவது, செட் இருக்கும் அலமாரியின் அடித்தட்டில் ஒரு ஜீரோ வாட் பல்பு. எங்கள் பாட்டி பட்டுப்புடவைப் பீரோவுக்கு வைத்த அதே ஏற்பாடு. பெயர்தான் ஜீரோ வாட், பழைய இழை பல்பு 15 வாட் வரை இழுக்கும், அந்தச் சூடுதான் நமக்கு வேண்டும். இப்போது கடையில் கொடுக்கும் எல்இடி ஜீரோ பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது. இழை பல்பையே கேட்டு வாங்குங்கள். அப்புறம், ரிசீவரின் தலைக்கு மேல் நாலு இஞ்சாவது இடம் விடுங்கள். ஊர் குளிர்தானே என்று நினைக்க வேண்டாம். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். மெலிந்த காற்று சூட்டை அள்ளிக்கொண்டு போவதும் குறைவு.

அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஹால் மரப்பலகைத் தளம். ஸ்பீக்கரை நேராகத் தளத்தில் வைத்தபோது பேஸ் எல்லாம் பலகையில் ஏறி, சமையலறைப் பாத்திரம் வரை அதிர்ந்தது. கடப்பாக்கல் துண்டு இரண்டு வாங்கி, அடியில் சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டு, அதன்மேல் ஸ்பீக்கரை வைத்த பிறகு அடங்கியது. தகரக் கூரையில் மழை கொட்டும் நேரத்துக்கு மட்டும் வழி இல்லை. அப்போது செட்டை அணைத்துவிட்டு மழையைக் கேட்பேன்.

பின் ஸ்பீக்கர்களைக் காதுக்கு இரண்டடி மேலே, பக்கச் சுவரில் மாட்டியிருக்கிறேன். ஒயர் ஒரு பக்கத்துக்கு 12 மீட்டர். எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒயரே தாராளம். முனையில் மட்டும் ஈயம் வைத்துவிடுங்கள், களிம்பு பிடிக்காது. ரிமோட் இல்லாமல் இந்த மாதிரிச் செட்டை வாங்கவே வேண்டாம். டிலே (பின் சத்தம் எவ்வளவு தாமதமாக வர வேண்டும் என்பது), ஒவ்வொரு ஸ்பீக்கரின் சத்த அளவு, டெஸ்ட் டோன் எல்லாம் ரிமோட்டில்தான் இருக்கும். 'ஷ்ஷ்' என்று ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றிவரும் அந்த இரைச்சலை, உட்காரும் இடத்திலிருந்து எல்லாம் ஒரே அளவாகக் கேட்கும்வரை சரிசெய்யுங்கள். அதற்கு ஒரு சாயங்காலம் ஒதுக்கினால் போதும்.

டிவியோடு இணைப்பது சுலபம். ரிசீவரில் எச்டிஎம்ஐ கிடையாது, ஒளி வழியே சத்தம் வாங்கும் ஆப்டிகல் இருக்கிறது. டிவி மெனுவில் ஆடியோ அவுட்புட்டை பிசிஎம்மிலிருந்து (சுருக்காத டிஜிட்டல் ஒலி) டால்பி டிஜிட்டலுக்கு (பல சேனலைச் சுருக்கி அனுப்பும் முறை) மாற்ற வேண்டும். பிசிஎம்மில் விட்டால் ஆப்டிகல் வழியே இரண்டு சேனல்தான் வரும். தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரவைக்கும் டால்பியின் புதிய அட்மாஸ் எல்லாம் இந்த ரிசீவருக்குப் புரியாது. எங்கள் டிவி அதைச் சாதாரண 5.1 ஆக (ஐந்து சேனலும் பேஸுக்குத் தனியாக ஒன்றும்) மாற்றித் தருகிறது. எல்லா டிவியும் அப்படி மாற்றித் தரும் என்று நம்பி வாங்காதீர்கள், சோதித்துப் பாருங்கள். அம்மாவுக்கு இதில் பெரிய லாபம். டிவியின் சொந்த ஸ்பீக்கர் பின்பக்கம் சுவரைப் பார்த்துப் பேசுவதால் வசனம் புரியாமல், "என்னடா சொல்றா அவ?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். சென்டரை இரண்டு டெசிபெல் ஏற்றி, காதைப் பார்த்துக் கொஞ்சம் சாய்த்து வைத்த பிறகு அந்தக் கேள்வி நின்றுவிட்டது.

எனக்குப் பிடித்தது பழைய புரோ லாஜிக். 1987-இல் வீடுகளுக்கு வந்த டால்பியின் ஏற்பாடு. இரண்டு சேனலுக்குள் நாலு சேனலை மடித்து வைத்திருப்பார்கள், ரிசீவர் அதை விரிக்கும். இடத்திலும் வலத்திலும் ஒன்றுபோல் இருப்பது நடுவுக்குப் போகும், ஒன்றுக்கொன்று எதிராக இருப்பது பின்னால் போகும். பின் சேனல் ஒன்றே ஒன்றுதான், அதுவும் 7 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அதனால் பின்னால் விலை உயர்ந்த ஸ்பீக்கர் தேவையே இல்லை. எண்பதுகளின் ஸ்டீரியோ பாட்டு எதையாவது இதில் போட்டுப் பாருங்கள். குரல் நடுவில் வந்து நிற்கும், வயலின்களின் எதிரொலி தோளுக்குப் பின்னால் போய்ப் படரும். யாரும் இதற்கென்று பதிவு செய்ததில்லை, ஆனாலும் வருகிறது.

கேசட்டில் மட்டும் ஒரு வினோதம். பாடகி 'ஸ' என்று சொல்லும்போதெல்லாம் அந்த 'ஸ்' மட்டும் பின் ஸ்பீக்கரிலிருந்து தெறித்தது. பல நாள் ரிசீவரைத்தான் சந்தேகப்பட்டேன். கோளாறு கேசட் டெக்கில் டேப்பைப் படிக்கும் ஹெட்டில். ஹெட் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தாலும் இடத்துக்கும் வலத்துக்கும் நேரம் பிசகும். அந்தப் பிசகைப் பின் சேனல் என்று ரிசீவர் எடுத்துக்கொள்ளும். ஹெட்டின் பக்கத்துத் திருகைக் கால் சுற்று திருப்பியதும் 'ஸ' பாடகியின் வாய்க்கே திரும்பிவிட்டது.

கரண்ட் விஷயத்தில் ஸ்டெபிலைசர் வைத்திருக்கிறேன். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். ஆன்டெனா ஒயரையும் சேர்த்து.

போன வாரம் வலது பின் ஸ்பீக்கரின் பேப்பரில் மிளகளவு வெள்ளைப் புள்ளி ஒன்று தெரிந்தது. காய்ந்த துணியால் துடைத்து, சுவரிலிருந்து இறக்கி, அலமாரியில் பல்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மழை விடும்வரை வீட்டில் நாலு ஸ்பீக்கர்தான்.