சிரஸ் எஸ்ஆர்22-இல் டிகேஎஸ்: வாங்கும் முன் கையேட்டைப் படியுங்கள்

சிறிய விமானத்துக்கு ஐசிங், அதாவது பறக்கும்போது பனி உறைவது, அதிலிருந்து பாதுகாப்பு வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு, நான் ஓட்டும் சிரஸ் எஸ்ஆர்22 என்ற சிறு விமானத்தில் உள்ள டிகேஎஸ் என்ற திரவப் பனித்தடுப்பு முறையைத் தாராளமாகச் சொல்வேன். ரொம்ப நல்ல பொருள்.

இறக்கையின் முன்விளிம்பிலும் வால்பகுதியிலும் டைட்டானியத் தகடுகள். அவற்றில் லேசரால் போட்ட மிக நுண்ணிய துளைகள். சுவிட்சைப் போட்டதும் கிளைக்கால் கலந்த திரவம் வியர்வை மாதிரி கசிந்து, காற்றோட்டத்தில் பின்னால் பரவுகிறது. ப்ரொப்பெல்லருக்கும் முன்கண்ணாடிக்கும்கூட அது போகும். ரப்பர் பட்டையை ஊதிப் பனியை உடைக்கும் முறையில் ஒட்டிக்கொண்டு நிற்கும் மிச்சப் பனியை இதில் நான் அவ்வளவாகப் பார்ப்பதில்லை.

ஆனால் பனி பிடிப்பதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். கிளம்பும் முன் பம்பை ஓடவிட்டு, தகடு முழு நீளத்துக்கும் நனைகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். சில வாரம் பறக்காமல் விட்டால் அங்கங்கே காய்ந்து கிடக்கும். அந்தக் காய்ந்த இடத்தில்தான் மேலே போனதும் பனி ஒட்டும்.

பயன்படுத்தக்கூடிய திரவம் 8 கேலன். திரவம் கசியும் அளவை மூன்று நிலைகளில் வைக்கலாம்: நார்மலில் 150 நிமிடம் வரும், ஹையில் 75, மேக்ஸில் வெறும் 37 சொச்சம். சக்கர உறை, ஆன்டெனா போன்ற இடங்களுக்குத் திரவம் போகாது. இறக்கை சுத்தமாக இருந்தாலும் வேகம் குறையும். ஐசிங்கில் வேகம் 95 நாட் (knot) அளவுக்குக் கீழே போகக் கூடாது என்பது விமானக் கையேட்டின் கட்டளை. ஆகவே அந்த நிமிடங்களை வெளியேறும் நேரமாக மட்டும் எண்ணுங்கள்.

பழைய விமானம் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். தெரிந்தே ஐசிங்கில் பறக்கும் அனுமதி எஸ்ஆர்22-க்கு 2009-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய சிலவற்றிலும் டிகேஎஸ் இருக்கும், பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அது தவறிப்போய் மாட்டிக்கொண்டால் தப்பி வருவதற்கு மட்டுமே. அமெரிக்க விதி 91.9-இன்படி கையேட்டில் உள்ள தடையே சட்டம். "வேறு பைலட் யாரும் ஐசிங் என்று சொல்லவில்லையே" என்பதும் எடுபடாது. முன்னறிவிப்பு, வெப்பநிலை, மேகம் எல்லாவற்றையும் பார்த்து நியாயமாக முடிவெடுத்தீர்களா என்றுதான் அமெரிக்க விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ கேட்கும். அனுமதி உள்ள விமானத்திலும் கிளம்பும்போது குறைந்தது 5 கேலன் இருந்தாக வேண்டும்.

விமானத்தில் பட்டதும் உறைந்துவிடும் மழைக்கும் தூறலுக்கும் (உறைமழை, உறைதூறல்) இந்த அனுமதி பொருந்தாது. 1994-இல் இந்தியானாவின் ரோஸ்லானில் விழுந்த ஏடிஆர் 72 பயணிகள் விமானமும் ஐசிங் சான்றிதழ் பெற்றதுதான். சான்றிதழ் வரம்பைவிடப் பெரிய துளிகள், பனிநீக்கும் பட்டைக்குப் பின்னால் வரப்பு போல உறைந்துவிட்டன. 68 பேர் இறந்து போனார்கள். தூறல் என்ற சொல் வானிலை அறிக்கையில் இருந்து, வெப்பநிலையும் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் நான் கிளம்புவதே இல்லை.

குறை என்று பார்த்தால், தொட்டி நிறைந்தால் 70 பவுண்டுக்கு மேல் எடை. அப்புறம் நிறுத்திய இடத்தில் சொட்டிக்கொண்டே இருக்கும், தரை பிசுபிசுக்கும். இறக்கைக்கடியில் தட்டு வையுங்கள்.