ரைட் கேஷ் பற்றிய ஒரு வரியை எங்கே எழுதுவது? கர்னல் ஆவணத்தின் நான்கு இடங்கள்

மலையகத்தில் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி வழக்கமானது. ஹட்டனிலோ அப்புத்தளையிலோ இடியோடு கரண்ட் போனால், யூபிஎஸ் இல்லாத கொம்பியூட்டரின் ஹார்ட் டிஸ்க் தன் உள் கேஷில் (தற்காலிக நினைவகத்தில்) வைத்திருந்த, தட்டில் இன்னும் இறக்காத தரவை இழந்துவிடும். அதைத் தடுக்க நினைக்கும் ஒருவர் லினக்ஸில் /சிஸ்/பிளாக்/எஸ்டிஏ/க்யூ/ரைட்_கேஷ் என்ற கோப்பைப் பார்க்கிறார். 'ரைட் பேக்' (முதலில் கேஷில் எழுது, பிறகு தட்டில் இறக்கு) என்று இருக்கிறது. அதில் 'ரைட் த்ரூ' (நேரே தட்டில் எழுது) என்று எழுதுகிறார். திரும்பப் பார்த்தால் மாறியும் இருக்கிறது. சரி, இனிப் பயமில்லை என்று எழும்பிப் போகிறார்.

ஆனால் நிலைமை முன்பைவிட மோசமாகிவிட்டது. அந்தக் கோப்பு டிஸ்க்கைத் தொடுவதே இல்லை. டிஸ்க்கைப் பற்றிக் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) வைத்திருக்கும் கணிப்பை மட்டும் மாற்றுகிறது. டிஸ்க்கின் கேஷ் பழையபடி இயங்க, கேஷ் இல்லையென்று நம்பும் கர்னல், கேஷில் உள்ளதைத் தட்டில் இறக்கச் சொல்லும் ஃப்ளஷ் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடும். அதுவரை எஃப்சிங்க் (உடனே டிஸ்க்கில் எழுது என்று புரோகிராம் கேட்பது) செய்த தரவாவது தட்டில் இறங்கியது. இனி அதற்கும் உறுதியில்லை. கேஷை உண்மையில் அணைப்பது எச்டிபார்ம் -டபிள்யூ0 கட்டளை. ஸ்கசி_டிஸ்க் வகுப்பின் கேஷ்_டைப் கோப்பில் 'ரைட் த்ரூ' என்று எழுதினாலும் டிஸ்க்குக்குக் கட்டளை போகும். அங்கேயும் முன்னால் 'டெம்பரரி' என்ற சொல்லைச் சேர்த்தால் கர்னலின் கணிப்பு மட்டுமே மாறும்.

இந்த எச்சரிக்கை கர்னல் ஆவணத்தில் இருக்கிறது. இதுபோல ஒரு வரி வேறெங்காவது விடுபட்டிருந்தால், பழசாகிப்போயிருந்தால், எந்தக் கோப்பில் கை வைப்பது? ஸ்டோரேஜ், ஹார்ட்வெயார் டிரைவர்களுக்கு நான்கு இடங்கள் போட்டி போடுகின்றன: மூல நிரலுக்குள் கர்னல்-டாக் குறிப்பு, டாக்குமென்டேஷன் அடைவில் ஆர்எஸ்டி (.rst) பக்கம், ஏபிஐ (ABI, பயனருக்குத் தெரியும் கர்னல் கோப்புகளின் விளக்கம்) கோப்பு, டிவைஸ் ட்ரீக்கான (போர்டில் உள்ள ஹார்ட்வெயாரின் விவரிப்பு) யாமல் கோப்பு.

ஏபிஐ கோப்பு

ரைட்_கேஷ் எச்சரிக்கை இருப்பது இங்கேதான், ஏபிஐ/ஸ்டேபிள்/சிஸ்எஃப்எஸ்-பிளாக் கோப்பில். பயனர் கையால் தொடக்கூடிய சிஸ்எஃப்எஸ் கோப்பு (/சிஸ் அடைவில் கர்னல் காட்டுவது) எதுவானாலும் அதன் பொருளை எழுத இதைவிடப் பொருத்தமான இடமில்லை. அமைப்பும் எளிது: வாட், டேட், கான்டாக்ட், டிஸ்கிரிப்ஷன். டிஸ்கிரிப்ஷன் வரிகளை டாப் வைத்து உள்தள்ள வேண்டும்.

இதே க்யூ கோப்புகளுக்கு முன்பு இரண்டு விளக்கங்கள் இருந்தன. ஒன்று இந்த ஏபிஐ கோப்பு. மற்றது பிளாக் அடைவில் க்யூ-சிஸ்எஃப்எஸ் என்ற ஆர்எஸ்டி பக்கம். ஒன்றில் இருந்தது மற்றதில் இல்லாமல் இரண்டும் விலகிப் போயின. 5.17 பதிப்பில் ஆர்எஸ்டி பக்கத்தில் இருந்தவற்றை ஏபிஐ கோப்புக்குக் கொண்டுவந்துவிட்டு அந்தப் பக்கத்தையே நீக்கினார்கள். ஒரே செய்தியை இரண்டு இடத்தில் எழுதினால் ஒன்று கட்டாயம் பழசாகும். திருத்தம் எழுதுமுன் அதே சொல்லை டாக்குமென்டேஷன் அடைவு முழுக்க கிட் கிரெப் செய்து தேடுவது இதற்காகத்தான்.

மலையகத்திலிருந்து தொடங்குபவருக்கு இந்த இடம் கைகொடுக்க இன்னொரு காரணமும் உண்டு. கர்னலோடு வரும் கெட்_ஏபிஐ ஸ்கிரிப்டை 'அன்டிஃபைன்ட்' என்ற கட்டளையோடு ஓட்டினால், அந்தக் கொம்பியூட்டரின் சிஸ்எஃப்எஸ் மரத்தை ஏறி இறங்கி, ஏபிஐ விளக்கம் இல்லாத கோப்புகளைப் பட்டியலிடும். இன்டர்நெட் டேட்டா தேவையில்லை, ஆவணத்தை எச்டிஎம்எல் ஆக்கும் ஸ்பிங்ஸ் கருவியும் தேவையில்லை. தோட்டப் பாடசாலை லேபில் கிடக்கும் பழைய சாட்டா டிஸ்க் கொம்பியூட்டரே போதும். 'வாலிடேட்' என்ற கட்டளை எழுதியதன் வடிவப் பிழைகளைக் காட்டும்.

கர்னல்-டாக் குறிப்பு

சி நிரலில் ஃபங்ஷனுக்கு மேலே /** என்று தொடங்கும் குறிப்பு இது. டிரைவர் எழுதுபவருக்கானது. அளபுரு, திரும்பும் மதிப்பு, லொக் பிடித்திருக்க வேண்டுமா, தூங்கலாமா என்பவை இங்கே வரும். நிரல் மாறும் அதே பேட்சில் (அனுப்பும் திருத்தத்தில்) குறிப்பும் மாறுவது இதன் பெரிய பலம். அளபுருவின் பெயரை மாற்றிவிட்டுக் குறிப்பை மறந்தால், மேக் டபிள்யூ=1 என்று கம்பைல் செய்யும்போதே எச்சரிக்கை வந்துவிடும். ஆர்எஸ்டி பக்கத்துக்கு இப்படி ஒரு காவல் கிடையாது.

வழுக்கும் இடங்கள் இரண்டு. விளக்கத்தின் நடுவில் ஒரு வரி 'நோட்:' போன்ற சொல்லோடு தொடங்கினால், கருவி அதைப் புதிய பிரிவின் தலைப்பாக எடுத்துக்கொள்ளும். ரிட்டர்ன் பகுதியில் 0 என்றால் வெற்றி, -இஐஓ என்றால் பிழை என்று வரி வரியாக எழுதினால், எச்டிஎம்எல்லில் எல்லாம் ஒரே வரியாக ஒட்டிப்போகும். ஒவ்வொன்றின் முன்னும் நட்சத்திரக் குறி போட்டுப் பட்டியலாக்க வேண்டும்.

இந்தத் திருத்தம் பெரும்பாலும் ஆவணப் பராமரிப்பாளரிடம் போகாமல், அந்த டிரைவரின் பராமரிப்பாளர் வழியாகவே போகும். கெட்_மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் சொல்லும் முகவரிகளையே பின்பற்றுங்கள்.

ஆர்எஸ்டி பக்கம்

2016இல் 4.8 பதிப்போடு பழைய டாக்புக் வடிவிலிருந்து ஸ்பிங்ஸுக்கு மாறத் தொடங்கியதிலிருந்து, விரிவான விளக்கங்களுக்கு இதுவே வீடு. ஏன், எப்போது, எது கெடும் என்பவற்றுக்கு ஏபிஐ கோப்பின் குறுகிய வரிகள் போதாது. 5.6இல் வந்த டிரைவ்டெம்ப் டிரைவரின் பக்கம் நல்ல உதாரணம். டிஸ்க்கின் வெப்பநிலையைக் காட்டுவது அதன் வேலை. வெப்பநிலையை வாசிப்பதே சில டிஸ்க்குகளின் சுழற்சி நிறுத்தும் நேரக்கணக்கைத் திரும்ப முதலிலிருந்து தொடங்கவைக்கும், அதனால் டிஸ்க் ஓய்வுக்கே போகாது என்று அந்தப் பக்கம் எச்சரிக்கிறது. நிரலைப் படித்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. டிஸ்க்கை ஓடவிட்டுப் பார்த்தவருக்கே தெரியும். கையில் பழைய டிஸ்க்குகள் உள்ளவர்கள் கர்னலுக்குத் தரக்கூடிய பெறுமதியான பங்களிப்பு இந்த வகைதான்.

பரிசோதிக்க மேக் எச்டிஎம்எல்டாக்ஸ். ஆனால் முழு ஆவணத்தையும் கட்டினால் பழைய மெஷினில் ரேமும் நேரமும் போய்விடும். ஸ்பிங்ஸ்டிர்ஸ்=எச்டபிள்யூமொன் என்று (டிரைவ்டெம்ப் பக்கம் இருக்கும்) அடைவைச் சுட்டினால் அந்தப் பகுதி மட்டும் உருவாகும். வெளி அடைவுக்கான இணைப்புகள் அப்போது சரியாக வராமல் போகலாம், அது உங்கள் பிழையல்ல. பிடிஎஃப் ஆக்கப் போகாதீர்கள். அதற்கு வேண்டிய டெக்ஸ்லைவ் தொகுப்பு டேட்டாவைக் குடித்துவிடும். புதுப் பக்கம் எழுதினால் இன்டெக்ஸ் கோப்பில் சேர்க்க வேண்டும், தலைப்பின் அடிக்கோடு தலைப்பைவிடக் குட்டையாகக் கூடாது. புதியவர்களின் பேட்ச் தடுக்கி விழுவது இந்த இரண்டிலும்தான்.

யாமல் கோப்பு

ராஸ்பெரி பை போன்ற, டிவைஸ் ட்ரீ பயன்படுத்தும் போர்டுகளுக்கு மட்டும் பொருந்தும். ஹார்ட்வெயாரை விவரிக்க வேண்டும். லினக்ஸ் டிரைவர் எப்படி நடக்கிறது என்பது இங்கே கூடாது. ஆகவே ரைட் கேஷ் பேச்சுக்கு இடமில்லை. பழைய டிஎக்ஸ்டி கோப்புகளை யாமலுக்கு மாற்றும் வேலை பாக்கி இருக்கிறது. பிழையை மேக் டிடி_பைன்டிங்_செக் உடனே காட்டும் என்பதால் பழகுவதற்கு நல்லது. டாப் போட்டால் ஏற்காது, இடைவெளி மட்டும்தான்.

தமிழில் தனிக் குறிப்பா?

கர்னலின் மொழிபெயர்ப்பு அடைவில் சீனம், ஜப்பானியம், கொரியன், இத்தாலியன், ஸ்பானியம் இருக்கின்றன, தமிழ் இல்லை. லேபுக்குத் தமிழில் குறிப்பு எழுதி ஒட்டுவது மிகவும் வேண்டிய வேலை. எந்தக் கர்னல் பதிப்புக்கு எழுதியது என்பதை முதல் வரியில் போடுங்கள். டிஸ்க் வேலைகளை வரிசைப்படுத்திய சிஎஃப்க்யூ ஷெட்யூலர் 5.0இலேயே போய்விட்டது, பழைய ஐடிஇ டிரைவர்கள் 5.14இல் போய்விட்டன. பதிப்பு எண் இல்லாத குறிப்பு இவற்றை இன்னும் தேடச் சொல்லிக்கொண்டிருக்கும்.

எடுப்பதும் அனுப்புவதும்

கிட் குளோன் (கர்னலின் மூல நிரலை வரலாற்றோடு இறக்குவது) பாதியில் அறுந்தால் முதலிலிருந்து தொடங்கும். மழை நேரத்தில் சிக்னல் விட்டு விட்டு வரும் இடங்களில், கர்னல்.ஓஆர்ஜி தரும் குளோன் பண்டில் கோப்பை டபிள்யூகெட் -சி மூலம் இறக்கலாம். அறுந்த இடத்திலிருந்தே தொடரும். டெப்த்=1 குளோன் மிகச் சிறியது, ஆனால் எந்தக் கமிட் அந்த வரியைக் கெடுத்தது என்று கிட் பிளேமில் பார்க்க முடியாது. பேட்ச் எந்தக் கமிட்டின் பிழையைத் திருத்துகிறது என்று சொல்லும் ஃபிக்சஸ் குறி போட அது வேண்டும். எழுத்துப்பிழை திருத்த மட்டும் என்றால் சிறிய குளோன் போதும். ஒன்று கவனியுங்கள்: டாக்குமென்டேஷன் அடைவை மட்டும் பிரித்து எடுத்தால், கர்னல்-டாக் குறிப்பை உள்ளிழுக்கும் லிப்ஏடிஏ போன்ற பக்கங்கள் சரியாக உருவாகாது.

ஜிமெயில் பிரவுசர் பெட்டியில் பேட்சை ஒட்டி அனுப்பினால் டாப் எல்லாம் இடைவெளியாகும், வரிகள் உடையும். கிட் சென்ட்-ஈமெயில் பயன்படுத்துங்கள். இணைப்பில் எஸ்எம்டிபி (ஈமெயில் அனுப்பும் வழி) அடைபட்டிருந்தால், கர்னல் பேட்ச்களைக் கையாளும் பி4 கருவியின் வெப் வழி உதவும்.

கமிட் செய்தியில் எப்படிச் சோதித்தீர்கள் என்று எழுதுங்கள். ரைட் கேஷுக்கு இரண்டு வரி போதும்: க்யூ கோப்பில் 'ரைட் த்ரூ' எழுதிய பிறகும் எச்டிபார்ம் -டபிள்யூ /டெவ்/எஸ்டிஏ என்று டிஸ்க்கையே கேட்டால் 'ரைட்-கேஷிங் = 1' என்றுதான் பதில் வருகிறது என்பது ஒன்று, எந்தக் கர்னல் பதிப்பில், எந்த டிஸ்க் மொடலில் பார்த்தீர்கள் என்பது மற்றது.