ஒகேனக்கல் பரிசல்: கனஅடியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்

ஒகேனக்கல்லைக் குறை சொல்லிக்கொண்டு திரும்புகிறவர்களில் பாதிப் பேர் தப்பான நாளில் போனவர்கள். பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் காவிரியின் நீர்வரத்தை அளக்கிறது. வினாடிக்கு இத்தனை கனஅடி என்ற அந்தக் கணக்கு அன்றாடம் செய்தியில் வந்துவிடும். கிளம்புமுன் பார்க்க வேண்டியது அதைத்தான். தர்மபுரி வானத்தை அல்ல. இங்கே வெயில் கொளுத்தும் நாளிலும், குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டிக் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளைத் திறந்துவிட்டால், ஓரிரு நாளில் ஆறு செம்மண் நிறத்தில் ஏறி நிற்கும்.

ஐந்தாயிரம் முதல் எட்டாயிரம் கனஅடி வரை என்றால் யோசிக்காமல் கிளம்பலாம். அருவியிலும் தண்ணீர் இருக்கும், பரிசலும் ஓடும். பத்தாயிரத்தைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தால் குளியலுக்கும் பரிசலுக்கும் எப்போது வேண்டுமானாலும் தடை வரலாம். 2018, 2022 வெள்ளங்களில் வரத்து இரண்டு லட்சத்தைத் தாண்டியது. அப்போதெல்லாம் ஐந்தருவி இருந்த இடமே தெரியாது. ஆடிப்பெருக்குக்கு அறை போடுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. கோடையில் ஆயிரம், இரண்டாயிரத்துக்கு இறங்கினால் மெயின் அருவி மெலிந்துவிடும், ஆனால் பரிசலுக்கு அது மோசமில்லை. தண்ணீர் இறங்க இறங்கப் பாறைச் சுவர்கள் உயரும்.

பரிசல் என்பது வட்டமான மூங்கில் கூடை, அவ்வளவுதான். பிளந்த மூங்கிலைப் பின்னி, அடியில் முன்பு தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும். அடி தட்டை என்பதால் ஒரு முழம் தண்ணீரிலும் பாறை தட்டாமல் போகும். முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. ஒரே பக்கம் துடுப்புப் போட்டால் நின்ற இடத்தில் சுற்றும். அதனால் பரிசல்காரர் விளிம்பில் உட்கார்ந்து துடுப்பை வலமும் இடமுமாக மாற்றித் தன் பக்கம் இழுத்துக்கொண்டே போவார். பயணிகளுக்காக வேண்டுமென்றே தட்டாமாலை சுற்றியும் காட்டுவார். தலைசுற்றல் உள்ளவர்கள் ஏறும்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கவிழ்வதற்குக் காரணம் பெரும்பாலும் ஆற்றில் இல்லை, உள்ளே இருப்பவர்களிடம் இருக்கிறது. கனமானவர்கள் ஒரே பக்கம் உட்காரக் கூடாது, எதிரெதிரே உட்கார வேண்டும். அருவிக்கு அருகே போனதும் ஒருவர் செல்பிக்கு எழுந்தால், மற்றவர்களும் அந்தப் பக்கம் திரும்புவார்கள். விளிம்பு அங்கேதான் தண்ணீரைத் தொடும். லைப் ஜாக்கெட்டை மாட்டினால் போதாது, எல்லாக் கொக்கியும் போட்டுப் பட்டையை இழுத்துக் கட்ட வேண்டும். தளர்வாக இருந்தால் தண்ணீரில் ஜாக்கெட் மட்டும் மேலே ஏறிக் காதை மூடும், ஆள் கீழே தொங்குவார். சிறுவர்களுக்குப் பெரியவர் அளவு ஜாக்கெட் கொடுத்தால் வாங்காதீர்கள்.

கட்டணம் பரிசல் துறையில் எழுதியிருக்கும், சீட்டு வாங்கிக்கொண்டு ஏறுங்கள். நடு ஆற்றில் 'இன்னும் கொஞ்சம் தூரம் காட்டுகிறேன், மேலே போட்டுக் கொடுங்க' என்ற பேச்சு வருவதுண்டு. எங்கே வரை, எவ்வளவு நேரம் என்பதைக் கரையிலேயே பேசி முடித்துவிட்டால் அந்தப் பேரம் வராது. கோத்திக்கல் துறையிலிருந்து ஐந்தருவி, பெரியபாணி பார்த்து மணல்திட்டு வரை போகும் தடம்தான் காசுக்குத் தகும்.

மீனை முதலில் வாங்கிச் சமைக்கக் கொடுத்துவிட்டுப் பரிசலுக்குப் போங்கள். திரும்பி வந்து வாங்கினால் பசியோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். கடையில் எல்லாமே 'காவிரி மீன்'தான். செவுள் சிவப்பாகவும் கண் மங்காமலும் இருக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை. சுத்தம் செய்வதற்கு முன் எடையா, பின் எடையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். குழம்புக்குக் கட்லா தலை, குழந்தைகளுக்கு முள் குறைந்த கெளுத்தி. ரோகு ருசிதான், ஆனால் சதைக்குள் கிளை விட்ட சின்ன முள் இருக்கும். மெல்லிய துண்டாகப் போட்டு மொறுமொறுவென்று வறுத்தால்தான் நிம்மதியாகச் சாப்பிடலாம். விறகடுப்பில் சமைத்துக் கொடுக்கும் அக்காக்களிடம் 'காரம் பாதி போடுங்கக்கா' என்று முன்பே சொல்லிவிடுங்கள், நம் மாவட்டத்துக் கை தாராளம். எண்ணெய், மசாலா அவர்கள் கணக்கா நம் கணக்கா என்பதும் அப்போதே தெளிவாகட்டும்.

தர்மபுரியிலிருந்து இண்டூர், பென்னாகரம் வழியாக ஏறத்தாழ 46 கிலோமீட்டர். பணம் எடுப்பது, மருந்து வாங்குவது எல்லாம் பென்னாகரத்திலேயே முடிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு காட்டுப்பாதை, வளைவான இறக்கம். கோடையில் தண்ணீர் தேடி யானை சாலையைக் கடக்கும். பைக்கில் போகிறவர்கள் இருட்டுமுன் மேலேறிவிடுவது உத்தமம். முதலைப் பண்ணைக்கு அரை மணி போதும்.

எண்ணெய் மசாஜ் செய்துகொள்வதானால் அருவிக் குளியலுக்கு முன்னால், பழைய லுங்கியில். சீயக்காய்ப் பொட்டலம் கையோடு இருக்கட்டும், அருவித் தண்ணீர் மட்டும் பட்டு எண்ணெய் போகாது. எண்ணெய்க் காலோடு பாசிப் பாறையில் நடக்காதீர்கள், உட்கார்ந்து நகருங்கள். கைப்பையில் வாழைப்பழம் இருந்தால் மறைத்து வையுங்கள். குரங்குகள் ஜிப் திறக்கும்.