தராசு சொன்னது 68, பனி நிறுத்தது 86

பனியில் புதையாமல் நடக்க பூட்ஸுக்கு அடியில் கட்டும் அகலமான தளம்தான் ஸ்னோஷூ. அதை வாடகைக்கு எடுக்கும்போது எடை கேட்டார்கள். 68 கிலோ என்றேன். பொய்யில்லை, ஆனால் அது வெறுங்காலோடு தராசில் ஏறி நின்றபோது. முதுகில் 14 கிலோ பை, காலில் பூட்ஸ், உடம்பில் மூன்று அடுக்கு உடுப்பு எல்லாம் சேர்த்தால் 86. இந்தக் கணக்கு எனக்கு உறைத்தது, புதுப்பனியில் முட்டிவரை புதைந்து நின்றபோதுதான். அளவு அட்டையில் போட்டிருப்பது இந்த மொத்தச் சுமை. முதல்முறை வாங்குகிறவர் பையையும் மாட்டிக்கொண்டு தராசில் ஏறுங்கள், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

அந்த வாடகை ஜோடி வட்டக்குழாய்ச் சட்டம் போட்டது. சமதளத்தில் சொகுசாகத்தான் இருந்தது. சரிவின் குறுக்கே நடக்கப் போனதும் சாயம் வெளுத்துவிட்டது. உருண்டைக் குழாய்க்கு இறுகிய பனியைக் கடிக்க விளிம்பு ஏது? ஒவ்வொரு அடிக்கும் கால் கீழ்ப்பக்கமாக வழுக்கியது.

பிறகு சொந்தமாக வாங்கியது எம்எஸ்ஆர் நிறுவனத்தின் ஈவோ மாடல். 22 அங்குலம், வார்த்தெடுத்த பிளாஸ்டிக் தளம். அடியில் இரண்டு ஓரமும் நீளவாக்கில் பல் வைத்த எஃகுப் பட்டை, முன்பாதத்துக்குக் கீழே முள். குறுக்குச் சரிவில் பழைய நடுக்கம் இல்லை. நிறுவனம் சொல்லும் சுமை வரம்பு 82 கிலோ. என் 86-க்குப் போதாது. ஆனால் பின்னால் மாட்டும் 6 அங்குல வால் தனியாகக் கிடைக்கிறது, அதோடு 113 கிலோ வரை தாங்கும். பனி இறுகிக் கிடக்கும் பாதையில் வாலைக் கழற்றிவிடுகிறேன். நீளம் குறையக் குறைய நடை நமக்குப் பழகிய நடையாகிவிடும். நீளமாகவே வாங்கித் தொலைத்தால் இறுகிய பனியிலும் அந்த நீளத்தை இழுத்துக்கொண்டு திரிய வேண்டியதுதான். வால் இருந்தாலும் மேலே மிதப்போம் என்று நினைக்காதீர்கள். பஞ்சுப் பனியில் கணுக்கால், சில இடத்தில் அதற்கு மேலும் இறங்கும். முட்டிவரை இறங்காது, அவ்வளவே.

எல்லோரும் நீளத்தையும் எடையையும் பார்க்கிறார்கள், பூட்ஸை ஸ்னோஷூவோடு பிணைக்கும் கட்டுப்பட்டையை யாரும் சோதிப்பதில்லை. நான் செய்தது இது: பனிக்குப் போடப்போகும் அதே பூட்ஸ், அதே தடித்த கையுறை. கையுறையைக் கழற்றாமல் மாட்டிக் கழற்ற முடிகிறதா? முடியாவிட்டால் அந்த ஜோடி வேண்டாம். குளிரில் விரல் மரத்த பிறகு கொக்கி தேடுவது விளையாட்டல்ல. சில ஜோடிகளில் பட்டையைப் பல் பல்லாக இறுக்கும் பல்சக்கரப் பிடி இருக்கும், அதில் ஈரம் புகுந்து உறைந்தால் நகராது. என்னுடையதில் துளையில் கொக்கி மாட்டும் எளிய பட்டை, அதனால் பிழைத்தேன். கொக்கி கணுக்காலின் வெளிப்பக்கம் வரும்படி இடது வலது பார்த்து மாட்ட வேண்டும். உள்பக்கம் வந்தால் எதிர்க்காலில் சிக்கி முகம் குப்புற விழலாம்.

குறை? பிளாஸ்டிக் தளம் இறுகிய பனியில் கடகடக்கும். காட்டின் அமைதியைத் தேடிப் போகிறவருக்கு எரிச்சல்தான். அடிப்படை மாடலில் ஏற்றத்தின்போது குதிகாலைத் தூக்கிப் பிடிக்கும் கம்பி கிடையாது, நீண்ட ஏற்றத்தில் கெண்டைக்கால் நெருப்பாக எரியும். ஏறுவதுதான் நோக்கம் என்றால் அந்தக் கம்பி உள்ள மாடலையே பாருங்கள். ஆனால் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவு, பனி மொத்தமாகப் பெயர்ந்து சரியும் பனிச்சரிவு நிகழும் இடம். கம்பி வாங்குமுன் பனிச்சரிவுப் பயிற்சி, புதைந்தவரைக் கண்டுபிடிக்க உடம்பில் கட்டும் சமிக்ஞைக் கருவி, பனிக்குள் குத்தித் தேடும் துழாவுகோல், மண்வெட்டி எல்லாம் கணக்கில் வரட்டும்.

ஒன்று விட்டுப்போனது: பின்னோக்கி நடக்காதீர்கள். வால் பனியில் குத்தி, அப்படியே உட்கார வைத்துவிடும். எழுந்திருக்க ஊன்றுகோல் வேண்டும். அதன் நுனியில் அகலமான பனித்தட்டு இல்லையென்றால் கோலும் உள்ளே போய்விடும். எனக்குப் போனது.